மன்னாரிலிருந்து வந்த பானை ஓட்டின் படம்: ரோமில் நடத்திய ஒரு தொல்லியல் அமர்வு

2024 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை. ரோமில் காலை 11 மணி, மன்னாரில் பிற்பகல் இரண்டரை. சபியென்சா பல்கலைக்கழகத்தின் ஒரு வகுப்பறையில் எங்கள் அமர்வின் ஐந்தாவது கட்டுரையை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தேன். கட்டுரை என்னுடையது இல்லை. அதை எழுதியவர் மன்னாரில் இருந்தார். அவருக்கு விசா கிடைக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த ஆம்போரா ஆய்வாளர் ஒருவர் கையை உயர்த்தினார். ஆம்போரா என்பது இரண்டு கைபிடி வைத்த பழைய மத்தியதரைக் கடல் மண்ஜாடி. கடைசி ஸ்லைடில் இருந்த பானை ஓட்டுத் துண்டைக் காட்டி, "இதன் உடைப்பில் கருப்பு மணல் தெரிகிறதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அந்த ஓட்டை நான் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை. கேள்வியை அப்படியே வாட்ஸ்அப்பில் மன்னாருக்கு அனுப்பினேன்.

பதில் வந்ததும் என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த அமர்வு எப்படி உருவானது, எங்கே தடுமாறியது என்பதைச் சொல்ல வேண்டும். ஒருங்கிணைத்த இருவரில் நான் ஒருத்தி. தென்னிந்திய மட்பாண்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள். வெளிநாட்டு மாநாடுகளில் கட்டுரை வாசித்திருக்கிறேன். ஆனால் அமர்வு நடத்தியது இதுதான் முதல் முறை. அந்த மாதங்களில் எழுதி வைத்த குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தலைப்பு செய்த வேலை

ஐரோப்பியத் தொல்லியலாளர் சங்கம் 1994-இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஒரு நகரத்தில் கூடுவார்கள். 2024-இல் 30-ஆவது ஆண்டுக் கூட்டம், ஆகஸ்ட் 28 முதல் 31 வரை ரோமில். இந்தக் கூட்டத்தில் அமர்வுகளை உறுப்பினர்களே முன்மொழிய வேண்டும். வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். முதலில் அமர்வுக்கான முன்மொழிவு. அது ஏற்கப்பட்ட பிறகு அதற்குள் கட்டுரைச் சுருக்கங்களுக்கான அழைப்பு. 2023 தீபாவளி நேரத்தில் முன்மொழிவு போயாக வேண்டும். அடுத்த பிப்ரவரியில் சுருக்கங்கள் முடியும். ஆகஸ்ட் கடைசியில் நிற்கப்போகும் மேடைக்கு முந்தின ஐப்பசியிலேயே அடித்தளம் போட்டாக வேண்டும்.

என் இணை ஒருங்கிணைப்பாளர் ஸ்பெயினில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பவர். ஆம்போராதான் அவர் உலகம். முதல் வரைவை அவரே எழுதினார். தலைப்பில் 'இந்தோ–ரோமானிய வணிகம்' என்று இருந்தது. படித்ததும் ஒரு நாள் முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1945-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கால அளவுகோல். இத்தாலியில் செய்த சிவப்பு அரெட்டைன் மட்பாண்டத்தின் காலம் உறுதியாகத் தெரியும். அது எந்த மண்ணடுக்கில் கிடைக்கிறதோ, அந்த அடுக்கில் இருக்கும் உள்ளூர்ப் பொருள்களுக்கும் காலம் சொல்லிவிடலாம். தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது பெரிய கொடை, அதில் ஐயமே இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு வெளிவந்த அறிக்கையின் தலைப்பிலேயே அரிக்கமேடு 'இந்தோ–ரோமானிய வணிகத் தலம்' ஆகிவிட்டது. அளவுகோலாக வந்த பொருளின் பெயரே ஊருக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

அதன் விளைவைப் பானை ஓடுகளிலேயே பார்க்கலாம். உள்பக்கம் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடுகள் போட்ட தட்டுகளை ரௌலட்டட் மட்பாண்டம் என்பார்கள். அரிக்கமேட்டில் கிடைத்த அது மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது, உள்ளூரில் அதைப் பார்த்துச் செய்தார்கள் என்பது வீலரின் கருத்து. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போன பிறகு தொல்லியலாளர் விமலா பெக்லி அது இந்திய மட்பாண்டம்தான் என்று வாதிட்டார். அப்புறம் வந்த களிமண் ஆய்வுகள் கங்கையின் கீழ்ப்பகுதியை, வங்காளத்தைக் கைகாட்டின. அதாவது, அரிக்கமேட்டின் மிகப் புகழ்பெற்ற 'ரோமானிய' அடையாளம் வங்காள விரிகுடா வணிகத்தின் அடையாளம். கி.பி. முதல் நூற்றாண்டின் கடல்வழிக் கையேடான பெரிப்ளஸை எழுதிய கிரேக்க வணிகனே சோழ மண்டலக் கரையில் உள்ளூர்க் கப்பல்கள் ஓடியதைக் குறித்திருக்கிறான். கங்கைக்கும் பொன்நாட்டுக்கும் (தென்கிழக்கு ஆசியா) போகும் பெரிய கப்பல்களை 'கொலந்தியோபோன்டா' என்கிறான்.

வீடியோ அழைப்பில் ஒன்றரை மணி நேரம் இதைத்தான் பேசினோம். அவர் தயங்கியதற்கும் காரணம் இருந்தது. "ரோமில் நடக்கும் கூட்டத்தில் ரோம் என்ற சொல் தலைப்பில் இல்லாவிட்டால் யார் வருவார்கள்?" என்றார். கடைசியில் இந்தியப் பெருங்கடலின் இரு கரைகளிலும் கிடைத்த மட்பாண்டங்கள் என்று தலைப்பை மாற்றினோம். ரோம் விளக்கப் பத்தியின் மூன்றாவது வரிக்குப் போனது. அழைப்பில் ஒரு வாக்கியமும் சேர்த்தோம்: அகழாய்வுக் குழியில் ஓட்டை எடுத்தவர்கள், வரைந்தவர்கள், வகைப்படுத்தியவர்கள் எழுதும் கட்டுரைகளுக்கு முன்னுரிமை தரப்படும்.

அந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் அமர்வைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன். மன்னார்க்காரர் அதைப் பார்த்துத்தான் எழுதினார். மன்னாரின் பழைய துறைமுகமான மாந்தையின் சுற்றுவட்டாரத்தில், வயல் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் கிடைத்த ஓடுகளை ஏழெட்டு ஆண்டுகளாக வரைந்து வைத்திருந்தார். 'நான் பேராசிரியர் இல்லை. ஆனால் வரைந்தவன் நான்தான். விண்ணப்பிக்கலாமா?' என்று கேட்டிருந்தார்.

சுருக்கங்களைப் படித்த மாசி மாதம்

பத்தொன்பது சுருக்கங்கள் வந்தன. இடம் பன்னிரண்டுக்குத்தான்.

ஆங்கிலம் பளபளவென்று இருந்த சிலவற்றில் பொருளே இல்லை. 'வலைப்பின்னல்', 'இணைப்பு' என்று நிறைய பேசி, எந்த ஊர், எந்தக் குழி, எத்தனை ஓடு என்று ஒரு சொல்கூட வராது. இன்னும் சிலவற்றில் ஆங்கிலம் தடுமாறியது, ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு தகவல் இருந்தது. இரண்டாம் வகையை உடனே தள்ளிவிடக் கூடாது என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். அப்படி நான்கு பேருக்குக் கேள்விகளோடு திருப்பி அனுப்பி, மறுபடி எழுதி வாங்கினோம். பத்து நாள் கூடுதலாகப் பிடித்தது. இந்தப் பத்து நாளுக்குப் பின்னால் ஒரு விலை கொடுக்க வேண்டி வந்தது.

தேர்ந்தெடுத்த பன்னிரண்டையும் வரைபடத்தில் குறித்தேன். மேற்கே செங்கடல் துறைமுகங்கள். எகிப்தின் பெரெனிகேயில் செராபிஸ் கோயில் முற்றத்தில் புதைத்து வைத்திருந்த இந்தியச் சேமிப்பு ஜாடியில் 7.55 கிலோ மிளகு கிடைத்தது தெரிந்ததே. அதே கரையில் குசைர் அல்-காதிமில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமியில் பொறித்த ஓடுகள். அங்கேயே கிடைத்த இன்னொரு ஜாடித் துண்டில் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்தார். யாரோ ஒருவர் தன் பானைமீது பானை என்றே எழுதி, எகிப்துவரை கொண்டுபோயிருக்கிறார். ஓமானின் கோர் ரோரியில் 'ணந்தை கீரன்'. நடுவில் கேரளத்தின் பட்டணம், அரிக்கமேடு, மாந்தை. கிழக்கே தாய்லாந்து. கட்டுரைகளைக் கால வரிசையில் வைப்பதா, பொருள் வரிசையில் வைப்பதா என்று யோசித்துப் பார்த்துவிட்டுக் கிழக்கிலிருந்து மேற்காக வைத்தோம். ரோமில் உட்கார்ந்து கேட்பவர் தாய்லாந்தில் தொடங்கி மெல்ல மெல்லச் செங்கடலுக்கு வரட்டும். வழக்கமாக எல்லோரும் எதிர்த்திசையில்தானே வருகிறார்கள்!

விசா

அமர்வின் மிகப் பெரிய தோல்வி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதற்குப் பொறுப்பு ஒருங்கிணைப்பாளர்களான நாங்கள்.

விதிகள் ஒன்றும் ரகசியம் இல்லை. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல 15 நாள் எடுத்துக்கொள்வார்கள், கூடுதல் பரிசீலனை என்றால் 45 நாள் வரை போகலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்தது. நம் கணக்கில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல், மறுத்தாலும் திரும்ப வராது.

கூட்டம் ஆகஸ்டில். ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிற எல்லாரும் விண்ணப்பிக்கிற கோடைக்காலம். ஆகவே பிப்ரவரி கடைசியிலேயே காகித வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். நாங்கள் என்ன செய்தோம்? மறுபடி எழுதி வாங்கியவர்களுக்கு ஏற்புச் செய்தி தாமதமாகப் போனது. அவர்களில் மன்னார்க்காரரும் ஒருவர். முறையான அழைப்புக் கடிதம் வேண்டும் என்றால் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். அதைக் கட்ட நிதி உதவிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். உதவி வந்தபோது ஜூன் பாதி. அப்புறம் நேர்காணலுக்கு நாள் கிடைத்தது ஜூலைக் கடைசியில். மன்னாரிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், கொடுத்துவிட்டு, அடுத்த இரவு பஸ்ஸில் திரும்பினார்.

அவருடைய வங்கிக் கணக்கும் சாட்சி சொல்லவில்லை. 2022-க்கு முன் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த இலங்கை நாணயம் அந்த ஆண்டில் 360 வரை போனது. சம்பளம் அதே சம்பளம்தான், யூரோவில் மாற்றிப் பார்த்தால் வெகுவாகக் குறைந்து தெரிகிறது. அந்தக் கணக்கை வைத்து இவர் திரும்பி வருவாரா என்று ஒருவர் முடிவெடுக்கிறார்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் தொலைபேசி வந்தது. "அக்கா, சரிவரேல்லை. பாஸ்போர்ட் திரும்பி வந்திட்டுது. திரும்பிப் போவன் எண்டதுக்கு ஆதாரம் காணாதாம்."

எனக்கு வாயில் சொல் வரவில்லை. அவர்தான் தொடர்ந்தார்: "கட்டுரையை நீங்களே வாசிச்சு விடுங்கோ. ஆனா ஆரும் கேள்வி கேட்டா எனக்கு அனுப்புங்கோ, நான் போனைக் கையிலயே வச்சிருப்பன்."

ஏழெட்டு ஆண்டு வரைந்தவர் அவர். அவருக்குத்தான் அந்த அறையில் இடம் வேண்டும் என்று நாங்கள் தலைப்பு மாற்றி, வாக்கியம் சேர்த்து, எல்லாம் செய்திருந்தோம். பத்து நாள் கணக்கில் கோட்டைவிட்டோம். அந்த நான்கு பேருக்கு மட்டும், சுருக்கம் திருந்தி வருவதற்கு முன்பே 'உங்கள் கட்டுரை உண்டு, பாஸ்போர்ட் வேலையைத் தொடங்குங்கள்' என்று ஒரு கடிதம் அனுப்பியிருக்கலாம். ஒரு கடிதம்தான். எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. விசா எடுக்க வேண்டிய நிலையில் இருந்தவள் நான், எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

தொல்லியல் மாநாடுகளில் அறைக்குள் யார் வரலாம் என்ற கேள்வி பழையது. 1986-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கூடவிருந்த மாநாட்டில், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து வருபவர்களுக்கு இடமில்லை என்று அமைப்பாளர்கள் முடிவெடுத்தார்கள். கல்விச் சுதந்திரம் என்று ஒரு சாரார் கொதித்தார்கள். தாய் அமைப்பு ஆதரவை விலக்கிக்கொண்டது. பீட்டர் உக்கோ தலைமையில் மாநாடு நடந்தே தீர்ந்தது, அதிலிருந்துதான் உலகத் தொல்லியல் காங்கிரஸ் பிறந்தது. 1999-இல் அதே அமைப்பு கேப் டவுனில் கூடியது. அன்று வாசலில் நடந்தது அரசியல் வழக்கு, எல்லோரும் பார்த்தார்கள். இன்று பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரும் உறையில் அது முடிந்துவிடுகிறது. நிகழ்ச்சி நிரலில் 'வரவில்லை' என்று மட்டும் இருக்கும்.

ஓடு போகாது, படம் போகும்

மட்பாண்ட ஆய்வாளர்கள் கூடினால் ஓட்டைக் கையில் கொடுத்துப் பேச வேண்டும். உடைப்பைப் பார்க்க வேண்டும், நகத்தால் தட்ட வேண்டும். ஆனால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நம்மிடமிருந்து ஒரு சில்லுகூடத் தனியார் கையில் வெளிநாடு போகக் கூடாது. போகவும் வேண்டாம், அந்தச் சட்டம் நல்ல சட்டம். அதனால் ஓடுகளை அவற்றின் உண்மை அளவிலேயே டிரேசிங் தாளில் வரைந்து எடுத்துப் போனேன். ரௌலட்டட் தட்டு ஒன்றின் வாய் விட்டம் ஏறக்குறைய 30 செ.மீ. ஸ்லைடில் பார்ப்பவருக்கு அது கிண்ணமா தட்டா என்றே பிடிபடாது. தாளை மேசையில் விரித்தால் சாப்பாட்டுத் தட்டின் அளவு கண்ணுக்கு வந்துவிடும்.

மேசையைச் சுற்றி இடைவேளையில் நல்ல கூட்டம் நின்றது. ஒரு அம்மையார் தட்டின் உள்பக்கம் வரும் வட்ட வட்டமான புள்ளிக்கோடுகளை விரலால் சுற்றிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் நிறுத்தினார். "இங்கே கருவி துள்ளியிருக்கிறது," என்றார். உண்மைதான். சக்கரம் சுழலும்போது கருவி ஒரு கணம் எகிறி, ஒன்றரை செ.மீ. தூரத்துக்குப் புள்ளி விழாமல் போயிருந்தது. அதை வரைந்தவள் நான், ஆனால் பார்த்தவர் அவர். பல ஆண்டுகளாக அதை என் கைப்பிழை என்று நினைத்து விட்டுவைத்திருந்தேன்.

எங்களோடு வந்த ஆராய்ச்சி மாணவிக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம். வியாழக்கிழமை இரவு சான் லொரென்ஸோ பகுதியில் நாங்கள் தங்கியிருந்த அறையில், ஜன்னலைத் திறந்தாலும் காற்று வராத அந்த ஆகஸ்ட் புழுக்கத்தில், நாலு தடவை பேசிப் பார்த்தாள். "மேடம், பதினேழு நிமிஷம் ஆகுது." இருப்பது பதினைந்து. எதை எடுப்பது? நன்றி சொல்லும் ஸ்லைடு, ஊரின் வரைபடம், சங்க இலக்கியச் சான்று, முந்தைய ஆய்வுகள். நம் ஊரில் நாம் பழகிய வரிசை இது, இந்த வரிசையில் ஓடு வருவதற்குள் ஆறு நிமிடம் ஓடிவிடும். ஓட்டை முதல் ஸ்லைடுக்குக் கொண்டுவரச் சொன்னேன். பாட்டு அப்புறம், ஓடு எழுப்பும் கேள்விக்குப் பதிலாக வரட்டும். பதிமூன்றரை நிமிடத்தில் முடிந்தது.

அடுத்த நாள் காலை வேறொரு வில்லங்கம். அறையிலிருந்த பொதுக் கணினியில் அவளுடைய தமிழ்-பிராமி எழுத்துகள் எல்லாம் வெறும் சதுரக் கட்டங்களாக நின்றன. எழுத்துரு அதில் இல்லை. நல்ல வேளையாக அரை மணி நேரம் முன்பே போய்ச் சோதித்துப் பார்த்தோம், படமாக மாற்றிச் சேர்த்துவிட்டோம். எழுத்துப் பொறிப்பு பற்றிப் பேசப் போகிறவர்கள் எழுத்தைப் படமாகவோ பிடிஎஃப்பாகவோ எடுத்துப் போங்கள். தயவுசெய்து.

வெள்ளிக்கிழமை

பெரிய மாநாட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஒரே நேரத்தில் பல அமர்வுகள் நடக்கும். கேட்பவர்கள் கையில் நிரலை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரைக்கு இங்கே, அடுத்ததற்கு அங்கே என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். அதனால் ஒருவர் வராவிட்டால் அடுத்தவரை முன்னால் இழுக்கக் கூடாது. 11.15-க்கு என்று போட்டிருந்தால் 11.15-க்குத்தான். அந்த வெற்று நேரத்தைப் பல அமர்வுகளில் காபி குடிக்க விட்டுவிடுவார்கள்.

மன்னார்க்காரரின் நேரத்தை வெறுமையாக விடக் கூடாது என்று முடிவு செய்திருந்தோம். அவர் எழுதியதை ஒரு சொல் மாற்றாமல் வாசித்தேன். 'நான்' என்று அவர் எழுதிய இடத்தில் 'நான்' என்றே வாசித்தேன். தொடக்கத்தில் மட்டும் இதை எழுதியவர் யார், ஏன் இங்கே இல்லை என்று இரண்டு வாக்கியம் சொன்னேன். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

கட்டுரையின் முடிவு இதுதான்: மாந்தைக்கு அருகே கிடைத்த குறிப்பிட்ட சில தடித்த ஓடுகள் ரோமானிய ஒயின் ஆம்போராவைச் சேர்ந்தவை. ஆகவே கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் மன்னார்க் கரைக்கு மத்தியதரைக் கடல் ஒயின் வந்திருக்கிறது.

அப்போதுதான் அந்தக் கேள்வி. உடைப்பில் கருப்பு மணல் இருக்கிறதா?

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது நேப்பிள்ஸ் வளைகுடா. வெசுவியஸ் எரிமலைப் பகுதிக் களிமண்ணில் கருப்பு எரிமலைத் துகள்கள் கலந்திருக்கும். அந்த மண்ணில் செய்த ஒயின் ஆம்போராவை உடைத்தால் மிளகைப் பொடித்துத் தூவினதுபோல் தெரியும். கைலென்ஸ் போதும்.

கேள்வி போய் ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அடுத்த கட்டுரை தொடங்கிவிட்டது. மேசைக்குக் கீழே என் போன் அதிர்ந்தது. அவர் ஓட்டின் ஓரத்தைச் சிறிது கிள்ளி, புது உடைப்பின்மேல் கைலென்ஸை வைத்து, அதன் வழியாகவே போன் கேமராவில் எடுத்து அனுப்பியிருந்தார். வெளிர்மஞ்சள் களிமண், வெளுத்த மணல். கருப்புத் துகள் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது படம் ஓட்டின் உள்பக்கம்: கெட்டியான கருப்புப் பூச்சு. மூன்றாவது செய்தி: 'கைபிடித் துண்டு இந்த வகையில ஒண்டும் கிடைக்கேல்லை. இவ்வளவு காலமும் தேடினான்.'

இடைவேளையில் போனை அந்த ஆய்வாளரிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரையை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "டார்பிடோ," என்றார்.

டார்பிடோ ஜாடி என்பது மெசபடோமியா, பாரசீக வளைகுடாப் பகுதியிலிருந்து வந்த நீண்ட சேமக்கலம். கைபிடி இருக்காது, கழுத்து இருக்காது. உள்ளே நிலக்கீல் (தார் போன்றது) பூசியிருப்பார்கள். ஒயின் ஆம்போராவிலும் உள்ளே கருப்பாக இருக்கும், ஆனால் அது மரப்பிசின். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல்தான். இந்தியாவில் ரோமானிய ஆம்போரா என்று பெட்டிகளில் எழுதி வைத்திருந்த ஓடுகளில் பல உண்மையில் டார்பிடோ ஜாடிகள் என்பதை மட்பாண்ட ஆய்வாளர் ராபெர்ட்டா டாம்பர் பல சேகரிப்புகளைப் பார்த்து எடுத்துக் காட்டினார். பட்டணத்திலும் அவை நிறைய. அவற்றின் காலமும் வேறு. பாரசீகச் சசானியர் ஆட்சியில் மிகப் பரவலாகி, இஸ்லாத்தின் தொடக்க நூற்றாண்டுகள்வரை புழங்கியவை.

அப்படியானால் மன்னார்க் கட்டுரையின் முடிவு தலைகீழாகிறது. கடல் மாறுகிறது, காலமும் பிந்திய நூற்றாண்டுகளுக்கு நகர்கிறது. இத்தாலிய ஒயினுக்குப் பதில் பாரசீக வளைகுடா வணிகம். பூச்சு நிலக்கீலா பிசினா என்று ஆய்வகம்தான் உறுதி சொல்ல வேண்டும், அதை அந்த ஆய்வாளரே மூன்று தடவை வலியுறுத்தினார். ஆனால் கைபிடி இல்லாததும் கருப்பு மணல் இல்லாததும் ஒரே திசையைத்தான் காட்டின.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குச் சங்கடம். வராண்டாவுக்குப் போய் அழைத்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "நல்லதாப் போச்சு அக்கா. அச்சில வர முன்னம் தெரிஞ்சுதே. மாந்தைக்கு அது இன்னும் பொருந்தும். நான்தான் கைபிடியைத் தேடித் தேடிக் களைச்சுப் போனன்."

அவர் அறையில் இருந்திருந்தால் இந்தப் பேச்சு மதிய உணவுவரை நீண்டிருக்கும். எந்த வயலில் எந்த ஆழத்தில் எடுத்தது, பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்று அவரிடம் நேரே கேட்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது ஸ்லைடில் இருந்தது மட்டும். நான்கு கேள்விகளுக்கு 'கேட்டுச் சொல்கிறேன்' என்றுதான் சொல்ல முடிந்தது.

மற்ற கட்டுரைகள் பொதுவாக நன்றாகவே போயின. மிளகு பற்றிய கட்டுரைக்கு அறை நிரம்பி, சுவரோரம் நின்றார்கள். கடைசிக் கட்டுரைக்கு எண்ணிப் பார்த்தேன், பதினான்கு பேர். மாலை ஆகிவிட்டால் அப்படித்தான். நல்ல கட்டுரை ஒன்றைக் கடைசியில் வைத்தது எங்கள் தவறு. கிழக்கு–மேற்கு வரிசைக்காக அதைச் செய்தோம். வரிசை அழகாகத்தான் இருந்தது, ஆனால் பெரெனிகே பற்றிப் பேச வந்தவருக்கு அது அநியாயம்.

ஞாயிற்றுக்கிழமை, ஓட்டு மலை

கூட்டம் முடிந்த மறுநாள், செப்டம்பர் 1, முன்பதிவு செய்திருந்த ஒரு குழுவோடு மோன்டே டெஸ்டாச்சோவுக்குப் போனேன். 35 மீட்டர் அளவு உயரமுள்ள குன்று. மண்ணும் பாறையுமாக வந்த குன்று இல்லை, முழுக்க ஆம்போரா ஓடு. ஐந்து கோடிக்கு மேல் ஆம்போராக்கள் என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் இன்றைய தெற்கு ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெய் வந்த கலங்கள். ஒவ்வொன்றும் 70 லிட்டர் பிடிக்கும். எண்ணெய் ஊறிய கலத்தை மறுபடி பயன்படுத்த முடியாது என்று உடைத்து, படிப்படியாக அடுக்கி, நாற்றம் அடங்கச் சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள்.

மேலே ஏறும்போது காலுக்குக் கீழே சலசலவென்று சத்தம். என் கால் தானாகவே நின்றது. நம் ஊர்க் குழியில் ஒரே ஒரு ஆம்போரா ஓடு கிடைத்தால் வேலையை நிறுத்தி, நாலு பக்கமும் புகைப்படம் எடுத்து, ஆழம் அளந்து, எண் போட்டுத் தனிப் பையில் வைப்போம். அன்று மாலை முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. இங்கே அதன்மேல் நடந்து போகிறேன். குனிந்து எடுக்கக் கூடாது என்று தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அங்கிருந்து ஃபோரம் பக்கம் போய், மாக்ஸென்டியஸ் பெருமண்டபத்தின் மூன்று பெரும் வளைவுகளின் முன்னால் நின்றேன். அதன் அடியில்தான் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. கி.பி. 408-இல் விசிகோத் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது விலகிப்போகக் கேட்ட பிணைப்பொருளில் பொன்னும் வெள்ளியும் பட்டும் தவிர 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. வளைவுகளைப் படம் எடுத்து மாணவிக்கு அனுப்பினேன். அவள் சங்கப் பாட்டு வரியைப் பதிலாக அனுப்பினாள்: பொன்னொடு வந்து கறியொடு பெயரும் வளங்கெழு முசிறி. கறி என்றால் மிளகு. 'ஸ்லைடுல இதப் பின்னால தள்ளச் சொன்னீங்களே மேடம்' என்று கூடவே ஒரு வரி. அடுத்த முறை கடைசி ஸ்லைடில் வை என்று எழுதினேன்.

இப்போது இருக்கும் நிலை

கட்டுரைகளைத் தொகுக்கும் வேலை நடக்கிறது. பன்னிரண்டில் ஒன்பது பேர் எழுதித் தந்திருக்கிறார்கள். மன்னார்க் கட்டுரை புதிதாக எழுதப்படுகிறது. தலைப்பிலிருந்து ரோம் போய்விட்டது. ஓட்டின் உள்பூச்சைச் சுரண்டி எடுத்த மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுக்க இலங்கையிலேயே அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

இணை ஒருங்கிணைப்பாளரும் நானும் இன்னொரு அமர்வு நடத்தலாம் என்று பேசியிருக்கிறோம். இந்த முறை அழைப்பு விடும் அன்றே விண்ணப்பதாரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் விசா வேண்டுமா, பாஸ்போர்ட் எந்த மாதம் வரை செல்லும், கட்டணத்துக்கு யாரை நம்பியிருக்கிறீர்கள் என்ற மூன்றையும் சேர்த்தாகிவிட்டது. விசா தேவைப்படுபவர்களின் சுருக்கங்களை முதலில் படித்து, முதலில் பதில் சொல்வோம். ஒவ்வொருவருக்கும் மாற்று வாசிப்பாளர் ஒருவர், கட்டுரையைப் படித்து ஓடுகளை ஒரு தடவையாவது வீடியோவில் பார்த்தவராக இருப்பார்.

மன்னாரிலிருந்து போன வாரம் ஒரு படம் வந்தது. புதிய பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் ரசீது. கீழே, 'அடுத்த முறை நானே வந்து வாசிக்கிறன். ஓட்டின்ர படத்தை நீங்கள் வரைஞ்ச மாதிரி உண்மை அளவில வரையத் தொடங்கிட்டன்' என்று எழுதியிருந்தார்.